செக்கு போட மானியம்: பணம் கையில் வருமா?

கேள்வி: ஐயா, எனக்குக் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். ஏழாவது வரைதான் படித்திருக்கிறேன். வீட்டை ஒட்டிய காலி இடத்தில் மரச்செக்கு போட்டுத் தேங்காய் எண்ணெய் ஆட்ட ஆசை. எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஆகும் போலிருக்கிறது. ‘35 சதவீதம் மானியம் உங்கள் கைக்கே வந்துவிடும், மனுப் போட்டுத் தர 8,000 ரூபாய் கொடுங்கள்’ என்கிறார் டவுனில் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. 35 சதவீதம் என்று அவர் சொன்னது சரி, கைக்கு வரும் என்றதுதான் பொய். வங்கியின் கிராமக் கிளைகளில் மேனேஜராக இருந்த காலத்தில், மானியத்தை நம்பி மகளுக்கு நகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவர் சொல்வது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமாக இருக்க வேண்டும். 2008-இல் வந்தது. உங்கள் 6 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். பெண் என்பதால் உங்கள் பங்கு 5 சதவீதம், அதாவது 30,000 ரூபாய். மீதி 5,70,000 வங்கிக் கடன். அரசு தரும் 2,10,000 வங்கிக்கு வந்து, உங்கள் பெயரில் டெபாசிட்டாக மூன்று வருடம் உட்கார்ந்திருக்கும். அதற்கு வட்டி கிடையாது. கடனிலும் அந்த அளவு தொகைக்கு வட்டி போட மாட்டார்கள். மூன்று வருடம் செக்கு ஓடி, தவணையும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆக, நோட்டாக உங்கள் கையில் ஒரு ரூபாய்கூட வராது. அந்த மானியம் இல்லாமலே மாதத் தவணை கட்ட முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

ஏழாவது படிப்பு தடையில்லை. உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் எட்டாவது தேர்ச்சி கேட்பார்கள். அந்த 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. பத்திரம் கொண்டுவா என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். ஊரகப் பகுதிச் சான்று வாங்க மறக்காதீர்கள். நகரம் என்று கணக்கானால் உங்களுக்கு 25 சதவீதம்தான், 60,000 ரூபாய் போய்விடும்.

திட்டத்தை 2025-26 வரை என்றுதான் நீட்டித்திருந்தார்கள். அதனால் நேராகத் திருப்பூர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் இப்போதைய நிலவரத்தைக் கேளுங்கள். உணவுப் பதப்படுத்தும் குறுநிறுவனங்களுக்கென்று 2020-இல் வந்த திட்டத்திலும் 35 சதவீதம் என்று வைத்திருந்தார்கள், உச்சவரம்பு 10 லட்சம். அது இப்போதும் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். அதில் மனு எழுத உதவவே மாவட்ட வள நபர் என்று ஒருவர் இருப்பார். அவருக்கு அரசே பணம் கொடுக்கிறது, நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் இலவசம்தான்.

திட்ட அறிக்கையை மட்டும் புரோக்கரிடம் விடாதீர்கள். பாக்குமட்டைத் தட்டுக்கான அறிக்கையின் நடுவில் நான்கு தையல் மெஷின் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். முந்தின ஆளுடைய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்! மெஷின் கொட்டேஷன், கொப்பரை எங்கே வாங்குவீர்கள், எண்ணெய் யாருக்குப் போகும், பிண்ணாக்கு என்ன விலைக்குப் போகும், இதையெல்லாம் உங்கள் வாயால் சொல்லத் தெரிந்தாலே மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். பிண்ணாக்கை விட்டுவிட்டுக் கணக்குக் காட்டுகிறவருக்குத் தொழில் தெரியாது என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

இன்னொன்று. கொப்பரை விலை நிலையாக நிற்பதில்லை. முதல் வருடம் கூலிக்கு ஆட்டிக் கொடுங்கள். ஊர்க்காரர்கள் தங்கள் கொப்பரையைக் கொண்டுவருவார்கள், நீங்கள் ஆட்டுக்கூலி வாங்கிக்கொள்ளலாம், சரக்கில் பணம் முடங்காது. பாட்டில் போட்டு லேபிள் ஒட்டி விற்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: தோட்டத்து இலவச மின்சார சர்வீஸிலேயே செக்கு மோட்டாரை ஓட்டினால் என்ன? (பல்லடம் வாசகர்)

பதில்: பிடித்தால் அபராதம். செக்கின் ஒரு வருட லாபம் அதற்கே போய்விடும். குறுந்தொழிலுக்கு 12 கிலோவாட் வரை 3ஏ1 என்று தனிக் கட்டண விகிதம் இருக்கிறது. உத்யம் சான்றோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கடைக்கான விகிதத்தில் போட்டுவிடப் போகிறார்கள்.