கவிதையையோ கதையையோ படித்துவிட்டு மக்கள் ஏன் ஓர் இடத்தைப் பார்க்கப் போகிறார்கள்?

1810-இல் வால்டர் ஸ்கொட்டின் ‘ஏரியின் நங்கை’ என்ற நெடுங்கவிதை வெளிவந்ததும், ஸ்கொட்லாந்தின் கத்ரின் ஏரியைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். ஏரி அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. ஆனால் கவிதை அந்த நீரில் எல்லென் என்ற பெண்ணைப் படகு செலுத்த வைத்தது. அழகான நீர்நிலை எங்கும் உண்டு. இங்கே ஒருத்தி வந்து போனாள் என்ற எண்ணம்தான் மனிதரைப் பயணம் புறப்பட வைக்கிறது.

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வர்த் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு வழிகாட்டி நூலே எழுதினார். பின்னர், 1844-இல், அங்கே ரயில் பாதை வருவதை எதிர்த்தும் எழுதினார். பிறர் வந்து பார்க்கவும் வேண்டும், கூட்டம் வந்து இடத்தைக் கெடுத்துவிடவும் கூடாது என்ற அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது.

நான் இலங்கையின் வடக்கே வன்னியில் வாழ்கிறேன். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவலைப் படித்த பிறகு, அந்தக் கதை நடக்கும் தண்ணிமுறிப்பு எனக்கு வெறும் ஊர்ப்பெயராக இல்லை. அந்தக் காட்டோரம் நடக்கும்போது கதைமாந்தரும் கூட நடக்கிறார்கள். நம் குளங்களைத் தேடியும் வாசகர்கள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வருவதானால் மார்கழியில், குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் வாருங்கள். பாலைப்பழம் சுவைக்க வேண்டுமானால் வைகாசி, ஆனியில் வாருங்கள்.