ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவருக்கு அரசு நிதி: எங்கே, எப்படிக் கேட்பது?

கேள்வி: நாங்கள் மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பகுதியில் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். திருட்டு வழக்கில் கைதாகி மத்திய சிறையில் இருக்கும் என் தம்பிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன் கேட்கிறார்கள். எங்களிடம் சொத்தும் இல்லை, கையெழுத்துப் போட முன்வரும் உறவினரும் இல்லை. ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகையை மத்திய அரசே கட்டுகிறது என்று கேள்விப்பட்டோம். அதை எங்கே கேட்க வேண்டும்? பிறகு நாங்கள் திருப்பிக் கட்ட வேண்டுமா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2023-24 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட அந்த ஏழைக் கைதிகள் திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, உள்துறை அமைச்சகத்தின் நடைமுறை விதிகள் 2023 ஜூனில் வெளியாயின. விசாரணைக் கைதிக்கு ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரையிலும், தண்டனை பெற்றவருக்கு அபராதத்துக்காக 25,000 ரூபாய் வரையிலும் மாவட்ட அளவிலேயே ஒப்புதல் தரலாம் என்று அவ்விதிகள் கூறின. இத்தகைய வரம்புகள் திருத்தப்படக்கூடியவை என்பதால், இன்றைய வரம்பை மனு கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியின் தொகை எப்படியும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் உங்கள் சிக்கல் பணத்தில் மட்டும் இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் ரொக்கம் கேட்பதில்லை, ஆட்களைத்தான் கேட்கின்றன. இரண்டு பேர் நேரில் வந்து, ஆதார் அட்டையையும் வீட்டு வரி ரசீதையோ சொத்து மதிப்புச் சான்றையோ காட்டி, தம்பி வாய்தாவுக்கு வராவிட்டால் தலைக்கு 10,000 ரூபாய் செலுத்துவதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே உங்கள் உத்தரவின் பொருள். அரசு நிதி பணத்தைத் தருமே தவிர ஆளைத் தராது. ஆகவே ஆள் ஜாமீனுக்குப் பதிலாகப் பணத்தை வைப்பாக ஏற்க நீதிமன்றம் இசைந்தால்தான் இந்தத் திட்டம் உங்களுக்குப் பயன்படும். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 490ஆம் பிரிவு, பிணைப் பத்திரத்துக்குப் பதிலாக ஒரு தொகையைச் செலுத்த நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது. இந்த ஒரு படியைத் தவறவிட்டால், நிதியை முடிவு செய்யும் மாவட்டக் குழு ஒப்புதல் தந்த பிறகும் சிறைக் கதவு திறக்காமல் போகும் நிலை வரக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதைச் செய்ய வழக்கறிஞருக்குக் கட்டணம் தர வேண்டியதில்லை. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தந்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அதன் செயலாளர் ஒரு நீதித்துறை அதிகாரி. அவர் பெயருக்கு ஒரு பக்க மனு போதும். அதில் தம்பியின் பெயர், தந்தை பெயர், சிறையில் தரப்பட்ட எண், காவல் நிலையம், குற்ற எண், ஜாமீன் உத்தரவின் தேதி, கேட்கப்பட்ட பிணையின் விவரம் ஆகியவற்றை எழுதி, “ஜாமீன்தாரர் கிடைக்காததால் உத்தரவு வந்தும் இன்றுவரை விடுதலை ஆகவில்லை” என்ற வரியைத் தவறாமல் சேர்த்து, உத்தரவின் நகலையும் ரேஷன் அட்டை நகலையும் இணையுங்கள். மனுவின் ஒரு நகலில் அலுவலக முத்திரையுடன் பெறப்பட்ட தேதியைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மனுவில் வைக்க வேண்டும்: ஆள் ஜாமீனுக்குப் பதிலாகப் பணத்தை ஏற்கக் கோரும் நிபந்தனைத் தளர்வு மனு தாக்கல் செய்ய ஒரு சட்ட உதவி வழக்கறிஞர், ஏழைக் கைதிகள் திட்டத்தின் கீழ் பிணைத்தொகை. நேரில் போக இயலாத நாளில் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

உண்மையில் நீங்கள் மனு எழுதும் நிலையே வந்திருக்கக் கூடாது. ஜாமீன் வழங்கி ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளியேறாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளரே ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று உத்தரவிட்டது. ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாதவரின் நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம் என்றும் அதே உத்தரவு கூறுகிறது. உங்கள் தம்பிக்கு மூன்று வாரம் கடந்துவிட்டது. அடுத்த முறை நேர்காணலுக்குச் செல்லும்போது, தம்பியின் பெயர் ஆணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டதா என்று சிறை நல அலுவலரிடம் கேளுங்கள். தம்பியும் சிறையிலிருந்தே ஒரு மனு கொடுக்கட்டும்.

மனு சேர்ந்த பிறகு, குடும்பத்தின் பொருளாதார நிலையைச் செயலாளர் விசாரிப்பார். நன்னடத்தை அலுவலரோ சமூகப் பணியாளரோ வீட்டுக்கு வரலாம். அவர்களிடம் எதையும் மறைக்க வேண்டாம். மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், ஆணைக்குழுச் செயலாளர், ஒரு நீதிபதி ஆகியோர் அடங்கிய குழு இறுதி முடிவெடுக்கும். பணம் உங்கள் கைக்கு வராது, நிரந்தர வைப்பாகவோ வேறு வழியிலோ நேரே நீதிமன்றத்துக்குப் போகும். ஊழல் தடுப்பு, பணமோசடித் தடுப்பு, போதைப்பொருள், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு ஆகிய சட்டங்களின் கீழ் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது. தம்பி மீது கஞ்சா வழக்கு ஏதேனும் இருந்தால் அதை முதலிலேயே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

திருப்பிக் கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இது கடன் அல்ல. வழக்கு முடிந்ததும் அந்த வைப்பு அரசுக் கணக்குக்கே திரும்பிவிடும். ஆனால் தம்பி வாய்தாவுக்குப் போகாமல் தலைமறைவானால் வைப்புத்தொகை பறிமுதலாவதோடு பிடியாணையும் வரும், மறுபடி ஜாமீன் கிடைப்பதும் கடினமாகிவிடும். காவல் நிலையத்தில் கையெழுத்திடும் நிபந்தனை இருந்தால் அதிலும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

நீதிமன்ற வாசலில் கட்டணத்துக்கு ஜாமீன்தாரர் ஏற்பாடு செய்து தருவதாக யாரேனும் அணுகினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். போலி ஆவணம் என்று தெரியவந்தால் ஜாமீனும் போய், புது வழக்கும் சேரும்.

2022ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் உங்கள் தம்பியைப் போல உத்தரவு கையில் இருந்தும் வறுமையால் மட்டுமே அடைபட்டிருப்பவர்களுக்குச் சோறும் காவலும் மருத்துவமும் அரசுப் பணத்தில்தான் நடக்கின்றன. அந்தப் பணத்தை அவர்களை உள்ளே வைத்திருக்கச் செலவிடுவதைவிட வெளியே கொண்டுவரச் செலவிடுவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஒதுக்கிய நிதியை முழுமையாகப் பயன்படுத்தும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசே நினைவூட்டவேண்டி வந்தது வருத்தத்துக்குரியது. எனவே சலுகை கேட்கிறோமே என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு வாரத்தில் அசைவு எதுவும் தெரியாவிட்டால், முத்திரையிட்ட மனு நகலுடன் மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தளர்வு மனுவை மாஜிஸ்ட்ரேட் ஏற்காவிட்டால், அதே சன்ஹிதாவின் 484ஆம் பிரிவின்படி பிணைத்தொகையைக் குறைக்கும் அதிகாரம் அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் உண்டு. அந்த மனுவையும் அதே சட்ட உதவி வழக்கறிஞரைக் கொண்டே தாக்கல் செய்யலாம்.