அறையில்தான் இருப்பார் என்று யார் முடிவு செய்தது?

கேள்வி: நான், மனைவி, 9 வயது மகள், இரண்டரை வயது மகன், 71 வயது அம்மா என ஐந்து பேரும் 5 நாள் கடற்கரை ரிசார்ட்டில் தங்கப் போகிறோம். செலவு பிரச்சினையில்லை. ஓர் இடத்தில் தனி நீச்சல் குளத்தோடு வில்லா. குளத்தைத் தாண்டினால் கடல். இன்னோர் இடம் கடலோர மாடிக் கட்டடம்; இரண்டு அறை எடுக்கவேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மணலில் நடக்க முடியாது, எப்படியும் அறையில்தான் இருப்பார். அதனால் மகன் தூங்கும்போது பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. கடைசி நாள் இரவு மணலில் மேசை போட்டுச் சாப்பிட மூன்று பேருக்குச் சொல்லிவைக்க நினைக்கிறோம். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: “எப்படியும் அறையில்தான் இருப்பார்.” இதை உங்கள் அம்மா சொன்னாரா, நீங்களாக முடிவு செய்துகொண்டீர்களா? அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஐந்து பேர் போகும் பயணத்தில் மூன்று பேருக்கு மட்டும் மேசை. மீதி இருவரில் ஒருவன் தூங்குவான், இன்னொருவர் அவனுக்குக் காவல் இருப்பார். அம்மாவைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் சம்பளமில்லாத ஆயாவைத்தான் கூட்டிப்போகிறீர்கள்.

சரி, காவலுக்கே வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே வைக்கிறீர்கள்? கதவைத் திறந்தால் குளம் இருக்கும் வில்லாவில். இரண்டரை வயதுப் பிள்ளை தூக்கம் கலைந்தால் அழுதுகொண்டே படுத்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, இறங்கி நடக்கும். தண்ணீரில் விழுகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தேய்ந்த முழங்காலோடு தாழ்வான சோபாவிலிருந்து எழவே திணறுகிறவர் எப்படி ஓடிப்போய்ப் பிடிப்பார்? ஏதாவது நடந்துவிட்டால் அந்தப் பழியை ஆயுள் முழுக்கச் சுமக்கப்போவது யார் என்று யோசித்தீர்களா?

சிறு பிள்ளை இருக்கும் இடத்தில் குளம் என்றால் நான்கு பக்கமும் குறைந்தது 4 அடி உயர வேலி வேண்டும். கதவு தானாக மூடித் தாழ் விழவேண்டும். மூன்று பக்கம் வேலியும் நான்காவது பக்கம் அறைக் கதவும் இருந்தால் அதை வேலி என்றே கணக்கில் எடுக்காதீர்கள். விலையுயர்ந்த வில்லாக்களில் காட்சியை மறைக்கும் என்று இதைப் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். ஆகவே வில்லா வேண்டாம்.

இரண்டு அறைதான். தரைத்தளத்தில் கேளுங்கள். அடுத்தடுத்த அறை வேறு, கனெக்டிங் ரூம் வேறு. இரண்டாவதில்தான் நடுவே உட்கதவு இருக்கும். முன்பதிவின்போது தலையாட்டிவிட்டு, போய் இறங்கியதும் “இன்று காலியில்லை” என்பது ரிசார்ட்டுகளில் வழக்கமாக நடப்பது. உறுதிசெய்து மின்னஞ்சல் வந்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

பிறகு அம்மாவின் கால்களுக்காகக் கேட்கவேண்டியவை. அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடம் வரை எத்தனை படி? “கொஞ்சம்தான்” என்ற பதிலை ஏற்காதீர்கள், எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். சாய்தளம் இருந்தால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது இருக்கவேண்டும். அதைவிடச் செங்குத்தானால் இறங்கும்போது முழங்கால் வாங்கும். குளியலறையில் தொட்டி இருந்தால் அதன் விளிம்பைத் தாண்டுவதே அவருக்கு மலையேற்றம், வழுக்கி விழுவதும் அங்கேதான். தரையோடு தரையாக ஷவர், சுவரில் திருகிய கைப்பிடி (ரப்பர் உறிஞ்சியால் ஒட்டியது ஆகாது), 17 முதல் 19 அங்குல உயரத்தில் கழிப்பறை இருக்கை. கட்டில் எவ்வளவு உயரம் என்றும் கேளுங்கள்; அழகுக்காகத் தரையோடு ஒட்டிப் போட்ட கட்டிலிலிருந்து காலையில் அவரைத் தூக்கிவிட ஆள் தேவைப்படும். வாயால் சொல்வது போதாது, படம் அனுப்பச் சொல்லுங்கள்.

மணலில் நடக்க முடியாது என்கிறீர்கள். எந்த மணலில்? கால் புதைவது மேலே காய்ந்து கிடக்கும் மணலில். கடல் உள்வாங்கியதும் கீழே ஈரமாக இறுகிக் கிடக்கும் மணல் நடக்க எவ்வளவோ சுலபம். பெரும்பாலான கடற்கரைகளில் நீர் ஏறி நிற்பதற்கும் வற்றுவதற்கும் இடையே சுமார் 6 மணி நேரம். எத்தனை மணிக்கு வற்றும் என்று வரவேற்பில் கேட்டால் சொல்வார்கள். காய்ந்த மணலைக் கடக்கப் பலகைப் பாதையோ விரிப்புப் பாதையோ இருக்கிறதா, பலூன் போன்ற பருத்த சக்கரங்கள் வைத்த நாற்காலி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அந்த நாற்காலி பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், நாளும் நேரமும் சொல்லிப் பிடித்துவையுங்கள்.

ரிசார்ட்டின் பொதுக்குளத்தில் இறங்குவது ஏணி வழியாகவா, அகலப் படி வழியாகவா? படியும் கைப்பிடியும் இருந்தால் உங்கள் அம்மாவும் இறங்கலாம். இடுப்பளவு நீரில் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும். தரையில் தடுமாறுகிறவர்கள் நீரில் நன்றாக நடப்பார்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள்.

மகளுக்கு ஒரே ஒரு விஷயம். உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதியைக் காட்ட, பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான கொடிகள் நட்டிருப்பார்கள்; அந்த இரண்டு கொடிகளுக்கு இடையில் மட்டும் குளிக்கவிடுங்கள். இருபுறமும் அலை உடைய, நடுவில் அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம்.

மகனை யார் பார்ப்பது? நீங்களும் மனைவியும் முறைவைத்துக்கொள்ளுங்கள், பெற்றவர்கள் நீங்கள்தானே. ரிசார்ட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் மன்றத்தை (கிட்ஸ் கிளப்) நம்பாதீர்கள், பல இடங்களில் 4 வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை. ஒருநாள் மாலை நீங்கள் இருவர் மட்டும் வெளியே போகவேண்டுமா? அம்மாவிடம் கேளுங்கள். சம்மதித்தால் போய்வாருங்கள், கதவின் மேல்தாழைப் போடச் சொல்லிவிட்டு.

அந்தக் கடைசி நாள் மேசையை மணலில் போடவேண்டாம், நாற்காலிக் கால் புதைந்து அம்மாவால் எழ முடியாது. பலகைத் தளத்தில் போடச் சொல்லுங்கள். மகன் தூங்குவதற்கு முன்பாக, மாலை 6 மணிக்கே. ஐந்து பேருக்கு.