மரத்துப்போவது எந்த விரல்?

கேள்வி: ஓட்டல் வரவேற்பில் வேலை செய்கிறேன். 3 இன்ச் ஹீல்ஸ் கட்டாயம், தினமும் 8 மணி நேரம். இரண்டு மாதமாகப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போகிறது. செருப்பைக் கழற்றி அரை மணியில் சரியாகிவிடும். கடைக்காரர் சொன்னாரென்று ஜெல் பேட் வைத்தேன், இன்னும் மோசம். விலை அதிகமான பிராண்டுக்கு மாறலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: காசை எடுக்கும் முன் உங்கள் செருப்பின் வார் எங்கே அழுத்துகிறது என்று பாருங்கள். முன்னங்காலிலிருந்து இறங்கும் ஒரு நரம்பு, கணுக்காலுக்கு முன்னால், புறங்காலில் தோலுக்கு வெகு அருகே ஓடி, சரியாக நீங்கள் சொல்லும் அந்த இடுக்கில்தான் முடிகிறது. ஹீல்ஸ் போட்டால் பாதம் கீழ்நோக்கிச் சாய்கிறது, அந்த நரம்பு இழுபடுகிறது. அதன் மேல் இறுக்கமான வார், பக்கிள் வேறு. ஜெல் பேட் உள்ளே இடத்தை அடைத்துப் பாதத்தைத் தூக்கியதால் வார் இன்னும் அழுத்தியிருக்கும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே எரிந்தால் கதை வேறு: குறுகிய முனை விரல்களை நெருக்கி அங்குள்ள நரம்பைச் சுற்றித் தடிப்பு உண்டாக்கியிருக்கலாம். ஆக, விலையைவிட அமைப்புதான் முக்கியம்.

வாங்கும்போது வெள்ளைத் தாளில் நின்று பாதத்தை வரைந்து, மேலே செருப்பை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். மாலையில் போங்கள், கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். முன்பக்க அடிப்பாகம் 1 இன்ச் தடிமன் என்றால் 3 இன்ச் ஹீல் பாதத்துக்கு 2 இன்ச்தான். நிர்வாகத்தின் கண்ணுக்கு 3 இன்ச்! பென்சில் ஹீலைவிட அகலமான ஹீல் நல்லது. கணுக்கால் உள்பக்கமாகப் பிசகும்போது, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கும் நரம்பும் இழுபடலாம்.

ஒரே நாளில் தட்டைச் செருப்புக்குத் தாவ வேண்டாம். நெடுநாள் ஹீல்ஸ் போட்டவர்களுக்கு ஆடுசதைத் தசை குட்டையாகி, குதிகால் தசைநாண் விறைத்திருந்ததை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவர்களுக்குத் தட்டைச் செருப்புதான் வலிக்கும். அரை இன்ச், அரை இன்ச்சாக இறங்குங்கள்.

கழற்றிய பிறகும் மரப்பு நீடித்தாலோ, நடக்கும்போது முன்பாதம் தூக்க முடியாமல் தரையில் இடித்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, கடைக்குப் போகாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு, தேவையா என்பதை அவர் சொல்வார்.

அப்புறம், பில். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் இறுக்கமாக இருப்பதைக் கடைக்காரர் குறைபாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். வீட்டுக்குள் இரண்டு மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.