பாட்டியின் கை மெஷினுக்குள் பாதரசம் இல்லை

கேள்வி: என் பாட்டியின் சிங்கர் கை தையல் மெஷின், வளைந்த மர மூடியோடு பத்து வருடமாகப் பரணில் கிடந்தது. பேத்திக்குப் பாவாடை தைக்கலாம் என்று இறக்கினால் கைப்பிடி இறுகி, சுற்றவே வரவில்லை. ஒரு மெக்கானிக், "ஸ்பேர் கிடைக்காது, 1,500க்குக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். இன்னொருவர், உள்ளே சிவப்பு பாதரசம் இருந்தால் 20 லட்சம் வரும், சோதித்துப் பார்க்க 8,000 கட்டணம் என்கிறார். யாரை நம்புவது? – வாசகி, திண்டுக்கல்.

பதில்: எட்டாயிரம் பீரோவிலேயே இருக்கட்டும் அம்மா. மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

சிவப்பு பாதரசம் என்று ஒரு பொருளே கிடையாது. 2009இல் சவூதி அரேபியாவில் இந்த வதந்தி தீயாகப் பரவியது. பழைய சிங்கர் மெஷினை 2 லட்சம் ரியால் வரை கேட்டார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது. ஊசிக்குப் பக்கத்தில் செல்போனை வைத்தால் லைன் துண்டிக்க வேண்டுமாம், அதுதான் சோதனை. நம்மூரில் இரிடியம், அரிசியை இழுக்கும் ரைஸ் புல்லிங் கலசம் என்று ஏமாற்றுகிறவர்களின் அதே வித்தை இது. சரக்கை வாங்க அவர்கள் வருவதே இல்லை. சோதனைக் கட்டணம், பிறகு லேப் சர்டிபிகேட், பிறகு வெளிநாட்டுப் பார்ட்டிக்கு முன்பணம் என்று உங்கள் கையிலிருந்துதான் போய்க்கொண்டே இருக்கும். ஏற்கெனவே போனில் பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். ஸ்டேஷனுக்குப் போனால், "இந்த லிமிட் இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்று அலைய விடுவார்கள். பணம் போவதற்கு முன்னால் எச்சரிப்பது யார் வேலை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இது அபூர்வப் பொருளும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில், மெஷினில் பொறித்த எண்ணுக்கு முன்னால் ஒய் (Y) என்ற எழுத்து இருக்கிறது. அப்படியானால் 1920களிலோ 30களின் முற்பகுதியிலோ ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலை 1913இல் மட்டும் 13 லட்சம் மெஷின்களை அனுப்பியது. அதனால் 20 லட்சத்தை மறந்துவிடுங்கள். ஆனால் 1,500க்கும் கொடுக்காதீர்கள், இது ஓடும்.

இறுகியதற்குக் காரணம் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். பாட்டிமார் கைக்குக் கிடைத்ததை விட்டிருப்பார்கள், அது வருடக்கணக்கில் பிசினாகிவிடும். எண்ணெய்த் துளைகளிலும் இரும்பு இரும்போடு உரசும் இடங்களிலும் ஓரிரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடி விடுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகலாம். சுத்தியலை எடுக்காதீர்கள். நன்றாகச் சுற்ற ஆரம்பித்ததும் பழுப்பாக வழிவதைத் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். கறுப்பு உடம்பில் உள்ள தங்கப் பூவேலையில் தின்னர் பட்டால் போச்சு. எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும். அரசு வருடாவருடம் இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறது, நல்லதுதான். எண்ணெய் எங்கே விடுவது என்று ஒரு அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தால் பாதி மெஷின் பரணுக்குப் போகாது.

உங்களுடையதில் ஒரு விஷயம் மட்டும் வேறு. படத்தில் ஊசிக்கு முன்னும் பின்னும் நகர்த்தித் திறக்கும் இரண்டு தகடுகள் தெரிகின்றன. அப்படியானால் உள்ளே, அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் வட்டமான பாபின் கேஸ் கிடையாது. துப்பாக்கி ரவை மாதிரி ஒரு ஷட்டில் ஊஞ்சல் போல ஆடும், அதற்குள் மெல்லிய குச்சி பாபின். மெக்கானிக் ஸ்பேர் இல்லை என்றது இதற்காகத்தான் இருக்கும். நம்மூர்க் கறுப்பு மெஷின்களின் ஸ்பேர் எல்லாம் வட்ட பாபினுக்கு, அது இதில் ஏறாது. முன் தகட்டைத் திறந்து பாருங்கள். ஷட்டில் இருக்கிறதா? அதற்குள் பாபின் இருக்கிறதா? இருந்தால் கவலையே இல்லை. ஷட்டிலை, அதன் கூர்முனை உங்களைப் பார்த்திருக்கும்படி வைக்க வேண்டும். சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கி வருமாறுதான் சுற்ற வேண்டும், திருப்பிச் சுற்றினால் நூல் சிக்கும். ஷட்டில் இல்லை என்றால்தான் தேட வேண்டியிருக்கும். ஆகவே அதையும் பாபின்களையும் ஒரு டப்பாவில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மெஷினை யாரிடம் கொடுத்தாலும் அந்த டப்பாவைக் கொடுக்காதீர்கள். "சர்வீஸுக்கு விட்டேன், திரும்பி வந்தபோது ஷட்டில் இல்லை" என்று எனக்கு வரும் புலம்பல் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஊசிக்கு அலைய வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசியே பொருந்தும். பருத்திப் பாவாடைக்கு 14ஆம் நம்பர் வாங்குங்கள். ஊசியில் நீளமான பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து நூலைக் கோக்க வேண்டும். மாற்றிக் கோத்தால் தையலே விழாது, "டைமிங் போச்சு" என்று காசு பறிக்கவும் ஆள் இருக்கிறது. சக்கரம் சுற்றியும் ஊசி அசையவில்லை என்றால், சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழை இறுக்குங்கள். பாபின் சுற்றும்போது அதைத் தளர்த்தியிருப்பார்கள். அதற்கும் மெக்கானிக் வேண்டாம்.

மோட்டார் மாட்டச் சொல்வார்கள். பாவாடைக்குக் கைப்பிடியே போதும், பேத்தி சுற்ற நீங்கள் துணியைப் பிடிக்கலாம்.

அப்புறம், மர மூடியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். அந்தப் பூட்டு உங்கள் பாட்டி வயது. அது விட்டால் கையில் மூடி மட்டும்தான் மிஞ்சும், இரும்பு மொத்தமும் காலில் விழும். அடிப்பலகைக்குக் கீழே இரண்டு கையும் கொடுத்து எடுங்கள்.