'அம்மா'வின் முதல் ஒலி 'மா' என்கிறாளா?

வணக்கம். பாலர் பள்ளி முதலாண்டில் படிக்கும் உங்கள் மகள், 'அம்மா' எந்த ஒலியில் தொடங்குகிறது என்று கேட்டால் 'மா' என்கிறாள் என எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். கடைசியாகக் கேட்டதுதான் காதில் தங்குகிறது. என் மகன் பல மாதங்கள் படகுக்குக் 'கு' என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

எழுத்து அட்டைகளைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். முதலில் காது பழகட்டும். தேக்கா சந்தைக்குப் போகும் நாளில் ஒரே ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள்: இன்று 'மு' வேட்டை. முருங்கைக்காய், முள்ளங்கி, முட்டை, முட்டைக்கோஸ் என்று கூடை தானாக நிறையும். நடுவே தக்காளியைத் தூக்கிக் காட்டி, "இது முக்காளிதானே?" என்று வேண்டுமென்றே தப்பாகக் கேளுங்கள். பெரியவர்களைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஆனந்தம்!

ஆங்கில வகுப்பில் செய்வதுபோல 'மு'வை 'ம்', 'உ' என்று இப்போதே பிரிக்க வேண்டாம். தமிழில் அது ஓர் எழுத்து, வாய்க்கும் ஒரே வீச்சு. 247 எழுத்துகளுக்கும் சொல் தேடி அலையவும் வேண்டாம். ண, ள, ழ, ற, ன வரிசைகளில் தமிழ்ச் சொற்கள் தொடங்குவதில்லை.

ஒரு சிக்கல் வரும். 'பல்', 'பஸ்' இரண்டுக்கும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. அவள் குழம்பினால் அவளுடைய காது சரியாக வேலை செய்கிறது என்றே பொருள். பஸ்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து நிமிடத்தில் சலித்துவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த கடையில் மீன் பார்க்கட்டும்.