மசாலாவைக் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டால்?

கேள்வி: ஈரோட்டில் பதினொரு வருடமாக பிரியாணிக் கடை நடத்துகிறேன். பெருந்துறையில் இன்னொரு கடை இருக்கிறது. திருப்பூரில் என் கடைப் பெயரில் கிளை நடத்த ஃபிரான்சைஸ் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். பெருந்துறைக் கடையையும் அதேபோல மச்சானிடம் விட்டுவிடலாம் என்று யோசனை. தொழிலைக் கற்றுக்கொண்டு வேறு போர்டு மாட்டிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். ஃபிரான்சைஸ் கன்சல்டன்ட் ஒருவர் 38 பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். ‘விலகிய பின் ஐந்து வருடம், 25 கிலோமீட்டருக்குள் பிரியாணித் தொழில் செய்யக் கூடாது’ என்று அதில் எழுதியிருப்பதால் கவலையே வேண்டாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அந்த 38 பக்கத்தில் கோர்ட்டில் நிற்காத வரி என்று முதலில் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

ஃபிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. கடை கொடுப்பவர் முன்கூட்டியே என்னென்ன விவரம் தர வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இருக்கிறது. இங்கே எல்லாவற்றுக்கும் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். அதன் 27ஆவது பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ‘போட்டிக் கடை வைக்காதே’ என்று கட்டுப்படுத்தலாம். கோகோ கோலா வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உறவு முடிந்த பிறகு கட்டுப்படுத்த முடியாது. ஐந்து வருடம் என்று எழுதினாலும் ஐந்து மாதம் என்று எழுதினாலும் கதை ஒன்றுதான்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் பெருந்துறைக் கடைக்கு அது நேரடியாகப் பொருந்தக்கூடும் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒருவர் தன் கடையை அதன் நற்பெயரோடு, அதாவது குட்வில்லோடு விற்கும்போது, ‘இந்த எல்லைக்குள் இதே தொழிலைச் செய்ய மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால் அது செல்லும். எல்லை நியாயமானதாக இருக்க வேண்டும், வாங்கியவரும் அந்தத் தொழிலை நடத்திக்கொண்டிருக்க வேண்டும். கவனியுங்கள், இதில் கை கட்டப்படுவது விற்பவருக்கு, வாங்குபவருக்கு அல்ல. மச்சானுக்கு எழுதித் தரும் தாளில் ‘கடையை அதன் நற்பெயருடன் சேர்த்து ஒப்படைக்கிறேன், இனி பெருந்துறையில் இத்தொழில் செய்ய மாட்டேன்’ என்று ஒரு வரி நுழைந்துவிட்டால், நாளைக்குப் பெருந்துறையில் கடை வைக்க முடியாமல் நிற்கப்போவது நீங்கள்தான். சொந்தத்துக்குள் எழுதும் தாளை யாரும் சரியாகப் படிப்பதில்லை. அங்கே விற்பனை, குட்வில் என்ற பேச்சே வர வேண்டாம். பெயரைப் பயன்படுத்த இத்தனை வருடத்துக்கு அனுமதி தருகிறேன், பெயரும் நற்பெயரும் என்னுடையவையே என்று மட்டும் இருக்கட்டும்.

இதே விலக்கை உங்கள் பக்கமும் திருப்பலாம். ஒப்பந்தம் முடியும்போது திருப்பூர்க் கடையை, அங்கே சேர்ந்திருக்கும் வியாபாரத்தோடு சேர்த்து, இன்ன கணக்கில் விலை போட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்படி வாங்கினால் அவர் விற்பவர் ஆகிவிடுவார், திருப்பூரில் அவருக்குப் போடும் தடைக்கும் பலம் வரும். பேருக்கு ஒரு ரூபாய் விலை போட்டால் எடுபடாது. உண்மையான பணம் கைமாற வேண்டும்.

சரி, வாங்குகிற எண்ணமில்லை என்றால்? அப்போது உங்களைக் காப்பது தடை வரி அல்ல, யார் கையில் என்ன இருக்கிறது என்பதுதான். மசாலா ஈரோட்டில் அரைத்துப் பாக்கெட்டாகப் போகட்டும். அளவும் பக்குவமும் எழுதிய தாள் திருப்பூருக்குப் போகவே கூடாது. கடையின் போன் நம்பரும் கூகுள் மேப் பதிவும் உங்கள் பெயரில் இருக்கட்டும். கட்டட உரிமையாளரிடம், இவர் விலகினால் வாடகை ஒப்பந்தத்தை நான் தொடரலாம் என்று ஒரு கடிதம் வாங்குங்கள். நல்ல இடத்தில் இருக்கும் கடைக்கு இதைவிடப் பெரிய பிடி இல்லை. அப்புறம், போர்டைக் கழற்றும்வரை திருப்பித் தர வேண்டியதில்லை என்ற நிபந்தனையோடு ஒரு டெபாசிட். ‘மீறினால் 50 லட்சம் அபராதம்’ என்று எழுதி மகிழ்வதில் பயனில்லை. 74ஆவது பிரிவின்படி கோர்ட் தருவது நியாயமான இழப்பீடுதான், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே.

ரத்து நோட்டீஸ் அனுப்பினால் போர்டு இறங்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். மெக்டொனால்ட்ஸ் 2017இல் வட, கிழக்கு இந்தியாவில் தன் கூட்டாளி நடத்திவந்த 169 கடைகளின் உரிமையை ரத்து செய்தது. அதன் பிறகும் அங்கே கடைகள் ஓடின. 2019இல் பேசித்தான் தீர்த்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம்விட முந்தியது டிரேட்மார்க். பெயரைப் பதியாமல் ஃபிரான்சைஸ் கொடுப்பது இல்லாத பொருளை வாடகைக்கு விடுவதுதான். தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். உணவகச் சேவைக்கு 43ஆவது வகுப்பு, மசாலாவுக்கு 30. பதிவு பத்து வருடம் நிற்கும், புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் விண்ணப்பம் போட்டதும் கிடைத்துவிடாது. அச்சடித்த மாதிரி ஓர் ஆட்சேபக் கடிதம் வரும், பதில் போட வேண்டும், விசாரணை தள்ளிப்போகும், பிறகு டிரேட்மார்க் இதழில் வெளியாகி நான்கு மாதம் யாராவது எதிர்க்கிறார்களா என்று காத்திருக்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொள்வதில் காட்டும் வேகத்தில் பாதியாவது பதிவு அலுவலகத்தார் கோப்பில் காட்டினால் என் வாசலில் நிற்கும் கூட்டம் குறையும். ஆகவே இன்றே விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பதாரர் பெயரில் உங்கள் பெயர்தான் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ‘எல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்’ என்று சொல்லித் தன் கம்பெனி பெயரில் போட்டுக்கொள்ளும் கன்சல்டன்ட்கள் இருக்கிறார்கள்.

அவர்களைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. இவருக்குப் பணம் எப்போது கிடைக்கிறது? பெரும்பாலும் கையெழுத்தான அன்றே, ஃபிரான்சைஸ் கட்டணத்தில் பங்காக. திருப்பூர்க் கடை ஆறு மாதத்தில் மூடினால் அவருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை, கெடுவது உங்கள் பெயர். கட்டணம் தருவதாக இருந்தால் பாதியைக் கடை ஒரு வருடம் ஓடிய பிறகு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். யார் வழியாகக் கிளை வந்தாலும் எனக்குக் கமிஷன் என்ற வரியைத் தேடி அடியுங்கள். வழக்கு டெல்லியிலோ குருகிராமிலோ என்று இருந்தால், ஒப்பந்தம் எங்கிருந்து காப்பி அடிக்கப்பட்டது என்று புரிந்துகொள்ளுங்கள், ஈரோடு என்று மாற்றுங்கள். தகராறைக் கோர்ட்டுக்கு வெளியே தீர்க்கும் நடுவரை நீங்கள் ஒருவரே நியமிப்பீர்கள் என்று இருந்தாலும், உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்புக்குப் பிறகு நிற்காது.

மிக முக்கியமாக, ‘10 லட்சம் போடுங்கள், கடையை நாங்களே நடத்துகிறோம், மாதம் இத்தனை ஆயிரம் நிச்சயம்’ என்று அவர் உங்கள் பெயரைப் போட்டு வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்ய விடாதீர்கள். அது ஃபிரான்சைஸ் அல்ல, பொதுமக்களிடம் டெபாசிட் திரட்டுவது. பணம் நின்றால் 1997ஆம் வருட முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் தேடி வருவது கடை முதலாளியைத்தான்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஃபிரான்சைஸ் கட்டணத்துக்கும், பெயரைப் பயன்படுத்துவதற்காக அவர் தொடர்ந்து தரும் ராயல்டிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் பங்கிலிருந்து போகும். உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் ஒவ்வொரு கடைக்கும் தனி, திருப்பூருக்கு அவர்தான் எடுக்க வேண்டும். பழைய 20 ரூபாய் பத்திரத்தில் எழுதாதீர்கள், தமிழ்நாட்டில் 2024 முதல் ஒப்பந்தத்துக்கு 200 ரூபாய்.

கன்சல்டன்டுக்கு முன்பணம் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கொடுத்திருந்தால் ரசீதையும், ‘கவலையே வேண்டாம்’ என்று அவர் அனுப்பிய மெசேஜையும் அழித்துவிடாதீர்கள்.